வெறுங்குளம்பு

முந்தின இரவே தொடங்கிவிடுகிறது வேலை.
நான்கு ஜோடி கையுறைகள்
சூடேற்றியின் மேல் விரல் விரித்துக் கிடக்கின்றன.
ஒன்று நனைந்தால் அடுத்தது,
அதுவும் நனைந்தால் மூன்றாவது,
நான்காவது வீடு திரும்ப.
விரல் வெடிப்புக்குள் உடனொட்டிப் பசை ஒரு சொட்டு.
களிம்பு நல்லதுதான், டாக்டர் சொன்னது சரிதான்.
அரம் பிடிக்கிற கையில்
களிம்பு எவ்வளவு நேரம் நிற்கும்?

எரிவாயு உருளை குளியலறையில் தூங்குகிறது.
வெளியே விட்டால் விடியலில் அதற்கு மூச்சு வராது,
உலை இருமும், இரும்பு சிவக்காது.
எம்லின் பல் துலக்கிக்கொண்டே பார்க்கிறான்:
"விருந்தாளி எத்தனை நாள்?"
மார்ச் வரை, என்கிறேன்.

ஐந்து மணி. மழை விட்டது,
தூவானம் விடவில்லை என்றெல்லாம் பேச
இந்த மலைகளில் முதலில் மழை விட வேண்டும்.
வண்டியில் ஏற்றுகிறேன்:
அடைகல், அதன் முக்காலி,
எண்ணெய் தடவித் துணியில் சுற்றிய அரம்
(ஒரே இரவில் துரு தாடி வளர்த்துவிடும்),
பழைய துண்டுகள் ஒரு மூட்டை, எனக்கல்ல, குதிரைக்கு.
சேற்றில் நிற்க ஓரிடம் செய்துகொள்ள
மரத்தூள் ஒரு சாக்கு.
தோல் ஏப்ரன் முன்னிருக்கைச் சூட்டில்
தன் ஈரத்தை ஆவியாக விடுகிறது.
வண்டி முழுக்க நேற்றைய குதிரைகள்.

ராயடர் தாண்டி, கடைசி வாயிற்கதவு.
இத்ரிஸ் ப்ரோஸரிடம் போனில் இரண்டு முறை சொல்லியிருந்தேன்:
ராத்திரியே உள்ளே கட்டுங்கள். காலைக் கழுவாதீர்கள்.
சேறு காய்ந்தால் உதிரும், கழுவினால் ஊறும்.
கட்டித்தான் இருந்தார்.
கொட்டகை ஒழுகுகிறதாம்.
கார் வெளியே மழையில் நிற்க
கார் நிற்கும் அறையில் க்வென்னோ,
பழைய கூடத்துக் கம்பளத்தின் மேல்,
கல்யாண வீட்டில் யாரையும் தெரியாதவள் போல.
அவர் கையில் முடி உலர்த்தும் கருவி,
சமையலறையிலிருந்து நீண்டு வந்த வயர்.
"மூன்று கால் முடிந்தது" என்றார்.
"நான்காவதில் ஃப்யூஸ் போய்விட்டது."

குனிந்து முன்னங்காலைத் தொடைகளுக்கு நடுவே வாங்கினேன்.
அவள் வயிற்றுச் சூடு என் முதுகில் இறங்கியது.
அதற்காகவே இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

கத்தி போட்டால் சீவல் சுருண்டு வர வேண்டும்.
வரவில்லை.
நனைந்த ரொட்டி.
ஆறு வாரச் சேறு குளம்புக்குள் குடித்தனம் நடத்துகிறது.
பழைய ஆணித் துளைகள்
தளர்ந்த சட்டையின் பொத்தான் ஓட்டைகளாய் இளகியிருந்தன.
அடிக்கலாம். அடித்தால் நிற்கும்,
அடுத்த சகதி வரை.
அப்புறம் லாடம் போகும்போது
பாதிக் குளம்பையும் கூட்டிக்கொண்டு போகும்.

அப்போதுதான் பிடித்து, நீலமாய் எரியத் தொடங்கியிருந்த
உலையை அணைத்தேன்.

"நான்கையும் கழற்றிவிடுகிறேன்.
குளிர் போகும்வரை வெறுங்காலோடு நிற்கட்டும்."
ப்ரோஸர் அடைகல்லைப் பார்த்தார்,
மரத்தூளைப் பார்த்தார், துண்டு மூட்டையைப் பார்த்தார்.
"கழற்றவா இத்தனை சாமான்?"

குறடு. ஒரு நெம்பு. லாடங்கள்
கம்பளத்தில் சத்தமில்லாமல் விழுந்தன.
பிளவுபடாமலிருக்க விளிம்பை அரத்தால் உருட்டினேன்.
நான்காவது கால் மட்டும் ஈரம்.
அதன் மயிரிலிருந்து ஒரு கோடு தண்ணீர்
மணிக்கட்டுக்குள் நுழைந்து
முழங்கை வரை போய் அங்கேயே தங்கிவிட்டது.

முடிந்ததும் அவளை வெளியே நடத்தினார்.
சிமெண்டில் முதல் அடி:
மணியோசை இல்லை,
மேசையில் கிண்ணம் வைக்கிற ஓசை.
அவளே காதைத் திருப்பிக் கேட்டாள்.
பாதிக் கூலிதான் கேட்டேன்.
முழுதாகக் கொடுத்துவிட்டு, மீதிக்கு
டீ போடட்டுமா என்றார்.
கணக்கு எனக்குப் புரியவில்லை. குடித்தேன்.

வண்டிக்குள் போன் அடித்தது.
அடுத்த வாசல், பதினோரு மைல். டெலித்.
"நீங்கள் வருகிறீர்களே என்று
நான்கு காலையும் குழாயில் பளிச்சென்று கழுவிவிட்டேன்."

இரண்டாவது ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.